அடைப்புக்குறிக்குச் சோம்பல் வேண்டாம்

ஓர் எண் இரட்டைப்படையா என்று அறிய வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இரும முறையில் 6 என்பது 110. 7 என்பது 111. கடைசி இலக்கம் 0 ஆனால் அது இரட்டைப்படை. '&' என்னும் பிட் செயற்குறி இதற்கு உதவும். 6 & 1 என்றால் கடைசி இலக்கம் மட்டும் மிஞ்சும்.

சரி, அது 0-வுக்குச் சமமா என்று கேட்க, 'சி' மொழியில் 6 & 1 == 0 என்று எழுதலாமா? கணிப்பொறி முதலில் 1 == 0 என்பதைப் பார்க்கும். அது பொய், மதிப்பு 0. பிறகு 6 & 0; விடை 0, அதாவது 'இல்லை'. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இதே பதில்தான்!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 'சி'க்கு முன்னோடியான 'பி' மொழியில் இரு நிபந்தனைகளை இணைக்கவும் & குறியே பயன்பட்டது. ஆகவே ஒப்பிடுதல் முதலில் நடக்க வேண்டியிருந்தது. டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் 'சி'யை உருவாக்கியபோது, இணைப்பதற்கு && என்ற தனிக்குறி வந்தது. ஆனால் பழைய நிரல்கள் கெடாதிருக்க, & பழைய வரிசையிலேயே விடப்பட்டது. 1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை.

முன்னுரிமைப் பட்டியலை மனப்பாடம் செய்வதே கெட்டிக்காரத்தனம் என்பார் சிலர். அதை ஏற்பதற்கில்லை. (6 & 1) == 0 என்றே எழுதுங்கள். அடைப்புக்குறியால் இயந்திரத்தின் வேகம் குறையாது. படிப்பவரின் ஐயம் தீரும்.