மூடிக் கிடக்கும் லேப்டாப்பும் ஒரு பென்டிரைவும்

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. வந்து என்ன? பல வீடுகளில் அது திறக்கப்படவே இல்லை. குறை பிள்ளைகள் மீதா? அதைக்கொண்டு செய்ய ஒரு வேலையைக் காட்டாதவர்கள் மீதுதான்.

இதோ ஒரு வேலை... சாப்ட்வேர் ரேடியோ! டிவி பார்க்க வந்த ஆர்டிஎல் டாங்கிள், 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரேடியோவாகும் என்பது 2012-லேயே தெரிந்துவிட்டது. டெபியனின் லைவ்-பில்டில் குனு ரேடியோ, சாட்டம்ப் இரண்டையும் சேர்க்க வேண்டும். டாங்கிளை டிவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும் கெர்னல் டிரைவரைத் தடுக்க வேண்டும். பிறகு பென்டிரைவில் எழுதி பூட் செய்தால் போதும். ஹார்ட்டிஸ்கில் ஒரு பைல்கூட மாறாது.

"லேப் இல்லை, பட்ஜெட் இல்லை" என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மென்பொருள் இலவசம், லேப்டாப் அரசு கொடுத்தது. புதுச் செலவு டாங்கிள், பென்டிரைவ், ஆன்டெனாவுக்குக் கொஞ்சம் கம்பி. அவ்வளவுதான்! சித்தன்னவாசல் குன்றடியில் நின்றே, தலைக்கு மேல் போகும் ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் 137 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மேகப் படத்தைப் பிடிக்கலாம்.

தொடாமல் பார்த்துவிட்டு வரவேண்டியது குகை ஓவியத்தை. லேப்டாப்பையுமா?