எங்கே படுத்து எழுந்தீர்கள்?



ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி எத்தனை கிலோ என்று பத்துத் தடவை நிறுத்துப் பார்க்கிறார்கள். மைலோ டின், கோடாலித் தைலம் எதுவும் விட்டுப்போகாது. போகிற இடத்தில் மலேரியா உண்டா என்று டிரஸரிடம் கேட்க வருகிறவர் வருஷத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கேட்கிறவரும் "இந்தியாவில் மலேரியா இருக்கா ஐயா?" என்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நாட்டின் பெயரை வைத்து அபாயத்தை அளக்க முடியாது. தமிழ்நாட்டில் மலேரியா இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பக்கங்களில் நிலைமை வேறு. இலங்கைக்கு 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றே கொடுத்தது. ஆகவே எந்த மாவட்டம், மழைக்காலமா, ராத்திரி எங்கே படுப்பீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். மலேரியாக் கொசு அந்தி சாய்ந்து விடியும்வரை கடிக்கிறது. பகலில் கடிப்பது டெங்கிக் கொசு. டவுன் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும் மலேரியாக் கொசு உண்டு.

"அது நம்ம ஊர்தானே, நமக்கு என்ன செய்யும்?" என்கிறார்கள் பெரியவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்த எதிர்ப்புச் சக்தி கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம்; மலேரியா உள்ள பகுதியானால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

வெளிநாடு எதற்கு, நம் நாட்டையே பாருங்கள். 2018இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. 1965இல் பகாங் காட்டில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கரிடம் முதலில் தெரிந்தது. 2004இல் சரவாக் காப்பிட்டில் ஏராளமானோருக்கு இருப்பது வெளியாயிற்று. இன்றும் சபா, சரவாக்கில்தான் அதிகம்; உயிரும் போயிருக்கிறது. இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். நாலு நாள் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்றால் அது காத்திருக்காது.

சபாவில் செம்பனைக் குத்தகை வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல். கிளினிக்கில் ரத்தத் தட்டுகள் குறைவு, டெங்கி என்று அனுப்பிவிட்டார்கள். மலேரியாவிலும் தட்டுகள் குறையும்! எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் கண்ணோடு என்னிடம் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பிழைத்தார்.

ஆகவே காய்ச்சல் என்றால் முதல் பேச்சே "நான் இன்ன இடத்தில் இருந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்க" என்றிருக்கட்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். உடனடிச் சோதனை அட்டை குரங்கு மலேரியாவைத் தவறவிடக்கூடும். திரும்பி வந்து ஒரு வருஷம்வரை இதைச் சொல்லணும். சில வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்காக ஒளிந்திருந்து பிறகு கிளம்பும்.

தடுப்பு மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் தினமும் சாப்பிடணும். வீடு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் நம்மவர் வழக்கம். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அது ஆகாது. மருந்து ஊறிய கொசுவலை எல்லாருக்கும் ஆகும். குரங்கு மலேரியாக் கொசு வெளியிலேயே அந்தியில் கடிப்பதால் வலை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கொசுத் தைலம் மூன்றும் வேண்டும்.

இதையெல்லாம் தொழிலாளி தன் கைக்காசில் வாங்கணும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொழுதுபோக்குக்காக யாரும் சபா காட்டோரம் போகவில்லை. ஆள் அனுப்புகிற குத்தகைக்காரரும் நிர்வாகமும் வலையும் தைலமும் கொடுத்து, திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் பிடிக்காமல் ரத்தம் பார்க்க அனுப்பட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் யாராவது எழுந்து இதைக் கேளுங்கள்.