காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற சக்கரம்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுகிற ஊர் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம். நடுவே பாலாற்றுப் பாலம்.

ஐப்பசி மழையில் அந்தப் பாலத்தின் மேல் சைக்கிளில் போய்ப் பாருங்கள்! ஆற்றுவெளியில் காற்றைத் தடுக்க மரமும் இல்லை, வீடும் இல்லை. பக்கத்திலிருந்து காற்று தள்ளும். சாரல் கண்ணை மறைக்கும். பிரேக்கை அழுத்தினாலும் வண்டி உடனே நிற்காது.

தறி வேலைக்குப் போகிறவரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் படும் தொல்லை இது. உலகப் போட்டி வீரரும் இதே தொல்லையைப் படுகிறார் என்றால் நம்புவீர்களா?

மூன்று ஆறுகள் கூடுவது போல, மூன்று விளையாட்டுகள் கூடும் போட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் டிரையத்லான். முதலில் நீச்சல். பிறகு சைக்கிள். கடைசியில் ஓட்டம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. 2019-ல் கோவாவில் 'அயன்மேன் 70.3' என்ற பெரிய போட்டி நடந்தது.

இந்த வீரர்களின் சக்கரங்கள் வேறு மாதிரி. சிலருடைய ரிம் நாலு விரல் அகலத்துக்கு ஆழமாக இருக்கும். சிலருடைய பின் சக்கரம் கம்பியே தெரியாமல் தட்டுப் போல மூடியிருக்கும். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் பக்கக் காற்று அடித்தால்? அதே சக்கரம் படகின் பாய் ஆகிவிடும்! ஹவாய்த் தீவில் கோனா என்ற ஊரில் நடக்கும் அயன்மேன் போட்டியில், மூடிய தட்டுச் சக்கரத்துக்கு அனுமதி இல்லை. அங்கே வீசும் பக்கக் காற்று அப்படிப்பட்டது.

முன் சக்கரந்தான் வண்டியைத் திருப்புகிறது. அதைக் காற்று பிடித்தால் ஹாண்டில் பார் கையை விட்டு இழுக்கும். ஆகவே அனுபவசாலிகள் காற்று நாளில் முன்னுக்கு ஆழம் குறைந்த ரிம் போடுவார்கள். ஆழமான ரிம்மைப் பின்னுக்கு வைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மழை. ரிம் நனைந்தால், பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் பிடிக்கும். பளபளப்பான இரும்பு ரிம்மில் பிடி மிகவும் குறையும். அலுமினிய ரிம் அதைவிட நல்லது. சக்கரத்தின் நடுவே தட்டு வைத்த டிஸ்க் பிரேக் மழைக்கு இன்னும் நல்லது.

டயரும் முக்கியம். மெலிந்த டயரில் கல் போலக் காற்றடித்தால் ஈரத் தரையில் வழுக்கும். சற்று அகலமான டயரில், அதில் எழுதியிருக்கும் அளவுக்குள், காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பதே மேல். தேய்ந்த டயர் வேண்டவே வேண்டாம்.

நாம் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். அழகைப் பார்த்துச் சக்கரம் வாங்காதீர்கள். நீங்கள் போகும் வழியைப் பார்த்து வாங்குங்கள்!

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். மழைக்காலம் பிறக்கும் முன் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நாள் ஒதுக்கி, பிரேக் கட்டையையும் டயரையும் பார்க்க வேண்டும். தேய்ந்ததை மாற்ற வேண்டும். ஒரு பிரேக் கட்டைக்கு ஆகும் செலவு அற்பம். ஒரு கை எலும்பு முறிந்தால் ஆகும் செலவு அற்பமல்ல.

பெற்றோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மழையில் மெதுவாகப் போ. தூரத்திலேயே பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள். சாலையில் வரைந்த வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் திரும்பாதே. காற்று மீறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அதில் வெட்கம் இல்லை.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்ததை அது சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டிலேயே நோயாளிகளைப் பற்றிக் கவலைப்பட்ட ஊர் அது. நல்ல பிள்ளைகள் நோயாளி ஆகாமல் காப்பது இன்று நம் பொறுப்பு!