தாத்தா பிறந்த மண்ணில் பேரன் அந்நியன்

சாதிச் சான்றிதழுக்காகக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சேந்தமங்கலம் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு, ஒரே ஒரு தாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு அது சில வாரத்து அலைச்சல். கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களுக்கோ மூன்று தலைமுறையாகியும் அலைச்சல் தீரவில்லை.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். பஞ்சமும் கடனும் பண்ணையார் கொடுமையும் விரட்டிய மக்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது, தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி. அது இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி. எழுதப் படிக்க விடாத தோட்டத்தில் பூட்டன் பிறந்ததை யார் எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவரானார்கள்.

அடுத்த ஆண்டு வந்த சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டும். ஊரில் தாய்க்கு முடியவில்லை என்று வந்து ஓராண்டுக்கு மேல் தங்கியவருக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பித்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. 1984-இல் தலைமன்னார் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தவர்களில் பலர், கலவரத்துக்குப் பயந்து கள்ளத்தோணியில் வந்து அகதியாகப் பதியப்பட்டார்கள்.

இங்கேதான் நம் சட்டத்தின் முடிச்சு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, இந்திய வம்சாவளியினர் ஏழாண்டு இங்கே வசித்திருந்தால் பதிவு கேட்கலாம். ஆனால் அவரோ அவருடைய தாய் தகப்பனில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது கணக்கில் வராது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருக்கு இந்த வழியே அடைப்பு. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. அது சிறைக்குப் போகாமல் காக்கும், குடியுரிமை தராது. அரசு வேலையில் சமவாய்ப்பை அரசியல் சட்டம் குடிமக்களுக்கே உறுதி செய்கிறது. முகாமில் வளரும் அருந்ததியர் பிள்ளைக்கு உள் ஒதுக்கீடு எப்படி எட்டும்?

நீதிமன்றம் சில வாசல்களைத் திறந்திருக்கிறது. திருச்சி முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்திய வம்சாவளியினரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லியே 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

ஆகவே படிக்கிற பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது, வீட்டுத் தகரப் பெட்டியைத் திறப்பது. தோட்டத்துப் பிறப்புப் பதிவு, ஒப்பந்தக்காலப் பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, அகதி அடையாள அட்டை, தாத்தாவுக்கு ஊரிலிருந்து போன கடிதம், எதையும் தூக்கிப் போடக்கூடாது. தோட்டத் துரையின் கணக்குப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, முகாமில் எழுதிய பெயர் வேறு என்றிருக்கும். எழுத்து மாறுவதை இப்போதே குறித்து, ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து வையுங்கள். குடியுரிமைப் பதிவு விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் மேலே போகும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம். பிறந்த தேதி 1987 ஜூலைக்கு முன்னால் என்றால், மருத்துவமனைப் பதிவையும் பள்ளிச் சான்றையும் முதல் வேலையாகத் தேடுங்கள்.