படப்பெட்டியைத் திறந்துவிடுங்கள்

1937 ஜூலையில் நியூஜெர்சி மாநிலம் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பிலிம் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. ஊமைப்பட நாயகி தீடா பாராவின் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லாமல் போனதற்கு அந்தத் தீ முக்கியக் காரணம். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களில், மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது.

தீ தின்றதற்கு யாரை நோவது? ஆனால் எரியாமல் பிழைத்தும் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் படங்களுக்குப் பொறுப்பாளிகள் உண்டு.

1932இல் வந்த ‘லெட்டி லிண்டன்’ எம்ஜிஎம் தயாரிப்பு. நாயகி ஜோன் கிராஃபோர்ட் தோளில் அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்துப் புடைத்த வெள்ளை உடையில் வருவார். அட்ரியன் வடிவமைத்த அந்த உடையின் நகல்கள் கடைகளில் விற்றன. எம்ஜிஎம் முதலில் விலைபேசியது ‘டிஸ்ஆனர்ட் லேடி’ என்ற மேடை நாடகத்தை. தணிக்கை பார்த்த ஹேஸ் அலுவலகம் ஒப்பவில்லை. உடனே, அந்த நாடகத்துக்கு அடிப்படையான பழைய கிளாஸ்கோ கொலை வழக்கையே தழுவிய ஒரு நாவலின் உரிமையை வாங்கிப் படமெடுத்துவிட்டார்கள். நாடகாசிரியர்கள் சும்மா விடுவார்களா? படம் நாடகத்திலிருந்து சுட்டதுதான் என்று 1936இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடு என்று 1940இல் உச்ச நீதிமன்றம் கணக்கைத் தீர்த்தது. அத்தோடு படத்தின் கதையும் முடிந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் மங்கிய திருட்டு நகலில்தான் அந்த உடையைப் பார்த்தார்கள். திருடியவருக்குத் தண்டம் சரி. பார்க்க வந்தவர் செய்த குற்றம் என்ன?

இதிலாவது ஒரு வழக்கு இருந்தது. 1958இல் பாரமவுண்ட் தன் பழைய பேசும் படங்களில் 700 வரை எம்சிஏ நிறுவனத்துக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டது. தொலைக்காட்சிக்குத் தீனியாக வாங்கப்பட்ட அவை இன்று யுனிவர்சல் வசம். அவற்றில் பல எந்த வட்டிலும் வெளிவரவில்லை. புதுப்பிக்கச் செலவாகும், போட்ட காசு திரும்பாது என்பார்கள். உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் காட்ட விரும்புகிறவர்களுக்கு வழிவிடலாமே. வைக்கோற்போர் நாயின் வேலை எதற்கு?

அமெரிக்காவில் திரைப்படக் காப்புரிமை 95 ஆண்டு. நம் நாட்டில் 60. அந்த 95இன் கடைசி 20 ஆண்டுகளில், சந்தையில் கிடைக்காத படைப்பை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பிரதியெடுக்கலாம், காட்டலாம் என்று அந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் பாதுகாப்புக்கும் ஆய்வுக்கும் மட்டும். இது போதாது. பத்து ஆண்டு புழக்கத்தில் இல்லாத எந்தப் படத்தையும், உரிமையாளருக்கு ஒரு நிர்ணயக் கட்டணம் செலுத்திவிட்டுப் பொதுமக்களுக்குத் திரையிடக் காப்பகங்களை அனுமதிக்க வேண்டும். நைட்ரேட் யாருக்காகவும் காத்திருக்காது. பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும்.

பெட்டியில் இருப்பது என்ன என்பது பல நேரம் வைத்திருப்பவருக்கே தெரியாது. பார்பரா ஸ்டான்விக் நடித்த ‘பேபி ஃபேஸ்’ படத்தின் பிரிண்ட் ஒன்றை 2004இல் லண்டன் திரைப்பட விழாவுக்காகக் கேட்டார்கள். நாடாளுமன்ற நூலகத்தில் எடுத்துப் பார்த்தபோது நெகட்டிவ்கள் இரண்டு இருந்தன. ஒன்று கொஞ்சம் நீளம். 1933இல் தணிக்கைக் கத்தரி படுவதற்கு முந்தைய படம் அது.