செவி, பார்வை, இதயம்: பிள்ளைக்கு முத்திரை எதற்கு?



அன்பிற்குரிய பெற்றோர்களே! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் மஹல்லா வீடுகளில் எழும் முதற் கேள்வி, பிள்ளையை எதில் சேர்ப்பது என்பதே. ஐடிஐயா, பாலிடெக்னிக்கா, பதினொன்றாம் வகுப்பா? சதுரங்கப்பட்டினத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த காலத்தில் இவ்வூர் மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. இன்று ஊரை ஒட்டிக் கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983-இல் இயங்கத் தொடங்கியது. அன்று தறி சோறு போட்டதைப் போல, இன்று ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. கைத்தொழில் அறிந்த பிள்ளைக்கு உள்ளூரிலும் வளைகுடாவிலும் மதிப்பு இருக்கிறது.

இந்நிலையில் சில ஆண்டுகளாகப் புதிய வழக்கம் ஒன்று பரவி வருவதைக் காண்கிறோம். ‘உங்கள் பிள்ளை எந்த வகை?’ என்று கேட்டு, வினாத்தாள் ஒன்றை நிரப்பச் செய்தோ பத்து விரல்களின் ரேகைகளைப் பதிந்தோ, வண்ண அட்டை போட்ட அறிக்கை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள், இவன் உள்முக ஆளுமை, இவனுக்குக் கைவேலை ஒத்துவராது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதற்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணம். அப்படியோர் அறிக்கையை நம்பி, ஐடிஐயில் கிடைத்த இடத்தை விட்டுவிட்ட பெற்றோரை நாம் அறிவோம். அந்தப் பிள்ளையோ வீட்டு மின்விசிறியைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்தவன்!

ஆகவே இது குறித்து வெளிப்படையாகப் பேச வேண்டிய கட்டாயம் ஏற்பட்டுள்ளது.

இந்த வகைப்பாடுகள் எங்கிருந்து வந்தன?

ஆளுமை வகைகளில் பெயர் பெற்றது மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனை. அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவர், கார்ல் யுங் என்னும் உளவியலாளர் 1921-இல் வெளியிட்ட நூலின் கருத்துகளைக் கொண்டு இதனை உருவாக்கினர். இது மனிதர்களைப் பதினாறு வகைகளில் அடைக்கிறது. ஒருவரே சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் வேறு வகையில் விழுவது இதில் சாதாரணம். ஒரு மாதத்தில் மாறிப்போகும் ஒன்றை நம்பிப் பிள்ளையின் வாழ்நாள் தொழிலை எப்படி முடிவு செய்வது?

கற்கும் பாணிகளின் கதை இன்னும் சுவையானது. பொறியியல் மாணவர்களுக்காகவே இதனைப் பேசியவர் ரிச்சர்ட் ஃபெல்டர். வேதிப் பொறியியல் பேராசிரியரான இவர், லிண்டா சில்வர்மன் என்னும் உளவியலாளருடன் சேர்ந்து 1988-இல் எழுதிய கட்டுரை பொறியியல் கல்லூரிகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது. நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992-இல் பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என நான்காகப் பிரித்து வெளியிட்ட முறையே நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. ஃபெல்டரைப் பற்றி நீதியாக ஒன்று சொல்ல வேண்டும். மாணவர்களைத் தனித்தனிக் கூண்டுகளில் அடைக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆசிரியர் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிராமல் பல முறைகளிலும் கற்பிக்க வேண்டும் என்பதே அவருடைய பரிந்துரை. அறிக்கை விற்பவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

2004-இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, இத்தகைய வகைப்பாட்டு முறைகள் 71 இருந்தன. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரடியான கேள்வியைக் கேட்டார்கள். பார்த்துக் கற்பவன் எனப்பட்டவனுக்குப் படமாகவும், கேட்டுக் கற்பவன் எனப்பட்டவனுக்குச் சொல்லாகவும் கற்பித்து, பிறகு இருவருக்கும் முறையை மாற்றிக் கற்பித்துத் தேர்வு வைத்தால், தத்தம் பாணியில் கற்றபோது அவர்கள் மேலாகத் தேறுகிறார்களா? அப்படி முறையாக நடத்தப்பட்டு இக்கொள்கையை நிறுவிய சான்று ஏறக்குறைய இல்லை என்றே அவர்கள் கண்டனர். ஆயினும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரித்தானிய ஆசிரியர்களில் 93 சதவீதத்தினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 சதவீதத்தினரும் இதனை நம்பினர். நம் ஊர்ப் பெற்றோர் நம்புவதில் வியப்பில்லை.

விரல் ரேகைச் சோதனை இவற்றினும் கீழானது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என இந்திய மனநல மருத்துவர் சங்கம் அறிவித்துள்ளது. பல்வகை அறிவுத்திறன் என்னும் கருத்தை 1983-இல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரின் பெயரையும் இவ்வறிக்கைகள் இழுத்துக்கொள்கின்றன. தம் கருத்து வேறு, கற்கும் பாணி வேறு என அவரே விளக்கம் கூறியுள்ளார்.

மார்க்கம் காட்டும் வழி

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78-ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஏதும் அறியாதவர்களாகத் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்த மனிதர்களுக்கு செவியையும் பார்வைகளையும் இதயங்களையும் தந்ததை அல்லாஹ் நினைவூட்டுகிறான். ஒருவனுக்குச் செவி, இன்னொருவனுக்குப் பார்வை என்று அவன் பங்கிட்டுக் கொடுத்ததாக அங்கே இல்லை. மூன்றையும் சேர்த்தே தந்திருக்கிறான். மூன்றுக்கும் நன்றி செலுத்துமாறு கேட்கிறான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூட்டி வைப்பது அந்த நன்றியாகுமா?

நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறைகளைப் பாருங்கள். மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்கத் தரையில் கோடுகள் வரைந்து காட்டினார்கள் (புகாரி). முக்கியமான சொல்லை மூன்று முறை திரும்பச் சொன்னார்கள் (புகாரி). சிறுவர் ஒருவர் ஆட்டின் தோலை உரிக்கத் தெரியாமல் உரித்துக்கொண்டிருந்தபோது, அவரைச் சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் கையை அக்குள் வரை செலுத்திச் செய்து காட்டினார்கள் (அபூதாவூத்). ஓரளவும் சந்தேகமின்றி அது ஒரு தொழிற்கல்வி வகுப்பு! அந்தச் சிறுவரிடம் அவர்கள் நீ எந்த வகை என்று கேட்கவில்லை. செய்ய வேண்டிய வேலை கையால் செய்யும் வேலை. எனவே கையால் காட்டினார்கள்.

இதில்தான் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. எந்தப் புலனால் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கற்கும் பொருளே. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரி நடந்து வருகிறது. கல்லில் வேலை செய்வோர் கண்ணால் மட்டும் கற்கிறார்கள் என்று நினைப்போம். உளி வைக்கும் முன் கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு அதன் தரம் அறிவது அவர்களுடைய மரபு. அளவுகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கை பழகப் பல ஆண்டுகள் உழைப்பார்கள். காது, நினைவு, கண், கை என எதைக் குறைத்தாலும் அவர் சிற்பியாக மாட்டார். மோட்டார் பழுது பார்ப்பவரும் அப்படியே. தேய்ந்த பேரிங்கின் ஓசையை அவர் காது அறியும். சூட்டைக் கை அறியும். சுற்றுப்படத்தைக் கண் படிக்கும்.

குர்ஆன் ஓதக் கற்பிக்கும் நமக்கு இது அன்றாட அனுபவம். ‘அய்ன்’ எழுத்தைப் பிள்ளை முதலில் கேட்க வேண்டும். உஸ்தாதின் வாயைப் பார்க்க வேண்டும். தொண்டையின் நடுவிலிருந்து தானே ஒலித்துப் பார்க்க வேண்டும். ‘நான் பார்த்துக் கற்பவன், எனக்கு எழுத்தை மட்டும் காட்டுங்கள்’ என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் தஜ்வீத் கைகூடுமா?

மத்ரஸாவில் ஓதினால் அவ்விதம் ஒரு ஹர்ஃப் பிழையாகும். மின்சாரத்தில் உயிர் போகும். எனக்குச் சொன்னால்தான் புரியும், வரைபடம் பார்க்க வராது என்று பழகிய பையன் மூன்று ஃபேஸ் இணைப்புப் பலகையின் முன் நிற்கும்போது, அந்தப் பலகை அவன் பாணிக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. எது வரவில்லையோ அதைத்தான் அவனுக்கு அதிகமாகப் பழக்க வேண்டும். முத்திரையோ அதிலிருந்து தப்ப அவனுக்குச் சாக்குக் கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றா?

ஒருபோதும் இல்லை. வேறுபாட்டை எங்கே தேடுவது என்பதே கேள்வி.

முதலாவது, பிள்ளைக்கு முன்பே என்ன தெரியும் என்பது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத் தொழிற்பழகுநர்களிடம் கல்யூகா, சாண்ட்லர், ஸ்வெல்லர் ஆகியோர் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருமையான சான்று. மின்சுற்று வரைபடத்துக்குள்ளேயே விளக்கத்தை எழுதிக் கொடுத்தபோது புதியவர்கள் நன்கு கற்றனர். சற்றுத் தேறியவர்களுக்கோ அதே விளக்கம் இடைஞ்சலாயிற்று. வெறும் வரைபடமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு அனுபவம். கோடை விடுமுறையில் அஸருக்குப் பின் நடக்கும் வீட்டு மின்வேலை வகுப்பில் நாமும் இதைக் காண்கிறோம். மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கும் இணைப்பைச் சொல்லித் தரும்போது, தந்தையோடு வேலைக்குப் போய்ப் பழகிய பையனுக்கு ஒரு படம் போதும். டெஸ்டரையே அன்றுதான் தொட்ட பையனுக்கு ஒவ்வொரு கம்பியின் பக்கத்திலும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்தில் அவனும் முன்னவனைப் போல் ஆகிவிடுகிறான். ‘மந்தம்’ என்று முத்திரை குத்தியிருந்தால் அந்த இரண்டு வாரம் அவனுக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாவது, உடல் சார்ந்த உண்மையான குறைகள். ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்கு நிறக்குருடு உண்டு. சிவப்பும் பச்சையும் அவர்களுக்கு ஒன்றுபோல் தெரியலாம். நம் நாட்டில் சிவப்பு ஃபேஸ் கம்பி, பச்சை எர்த் கம்பி. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்க்கும் முன் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். செவித்திறன் குறைவு, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் நீங்காத் தடுமாற்றம் ஆகியவற்றுக்கும் தகுந்த மருத்துவரும் வல்லுநரும் இருக்கிறார்கள். வண்ண அறிக்கைக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

மூன்றாவது, சுபாவம். கூச்சமுள்ள பிள்ளையும் துடுக்கான பிள்ளையும் எல்லா வகுப்பிலும் உண்டு. உபதேசம் கேட்டு வந்த ஒருவரிடம், கோபம் கொள்ள வேண்டாம் என்பதையே நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் (புகாரி). ஆளறிந்து பேசுவது சுன்னத். ஆனால் ஆளை அறிவது வேறு, ஆளுக்குப் பெயர் சூட்டுவது வேறு. ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. ‘உள்முகம்’, ‘கைவேலைக்கு ஆகாதவன்’ என்பன நாகரிக உடை போட்ட பட்டப்பெயர்கள் இல்லையா? பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே ஆகிவிடுகிறான். கூச்சமுள்ளவனை எல்லோர் முன்னும் கேள்வி கேட்காமல் அருகில் சென்று மெதுவாகக் கேட்டால் போதும். நாளடைவில் அவனே கை தூக்குவான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த முத்திரை இன்னும் ஆழமாகப் பதிகிறது. அன்ஸாரிப் பெண்கள் மார்க்க விளக்கம் பெறுவதிலிருந்து வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள் (முஸ்லிம்). எலக்ட்ரானிக்ஸும் கணினியும் படிக்க ஆசைப்படும் மகளிடம், அது உன் சுபாவத்துக்கு ஒத்துவராது என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

தொழில் கற்பிக்கும் சகோதரர்களே! இப்னு கல்தூன் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில், தொழில் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றும் பழக்கம் என்றும், கேள்விப்படுவதைவிட நேரில் கண்டு கற்பது நிறைவானது என்றும் விளக்குகிறார். எனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், வரைந்து காட்டுங்கள், செய்து காட்டுங்கள், செய்ய வையுங்கள். சரியாகத் தொழாத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பித் தொழச் சொல்லி, அவராகவே கற்றுத் தருமாறு கேட்ட பிறகு விளக்கியதை (புகாரி) மனத்தில் கொள்ளுங்கள். முயன்று பார்த்துத் தன் குறையை உணர்ந்த பிள்ளைக்கு விளக்கம் நன்றாக ஏறுகிறது.

பெற்றோர்களே! பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று அறிய விரும்பினால், விடுமுறையில் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடமோ எலக்ட்ரீஷியனிடமோ சில வாரங்கள் பாதுகாப்போடு உடனிருந்து பார்க்க அனுப்புங்கள். திரும்பி வந்து அவன் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறான் என்று கவனியுங்கள். முதல் வாரத் தடுமாற்றத்தைத் தீர்ப்பாக்கிவிடாதீர்கள். பிறகு மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த செவியையும் பார்வையையும் இதயத்தையும் முழுமையாகப் பயன்படுத்தப் பழக்குவோம். நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான தொழிலையும் அதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.