சட்டமும் சிகிச்சையும்: 'சேவை' என்ற சொல்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தபோது 'சேவை' என்பதற்கு அது ஒரு பட்டியல் தந்தது. வங்கி, காப்பீடு, போக்குவரத்து, மின்சாரம், தங்கும் விடுதி எல்லாம் இருந்தன. சிகிச்சை இல்லை. அப்படியானால் காசு கொடுத்து வைத்தியம் பார்ப்பவர் நுகர்வோரா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு முக்கியமான பதில் திருவனந்தபுரத்து வழக்கு ஒன்றில் கிடைத்தது. காஸ்மோபாலிடன் மருத்துவமனை தொடர்பான மேல்முறையீட்டில் 1992ல் தேசிய நுகர்வோர் கமிஷன் சொன்னது: கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை 'சேவை'தான். நோயாளி இறந்துவிட்டால் அவரது வாரிசுகளும் புகார் செய்யலாம்.

ஆனால் 1994ல் சென்னை உயர் நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது: நோயறிதலும் சிகிச்சையும் இந்தச் சட்டத்தில் வராது. களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்பது போன்ற நிலைமை. சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போவது வழக்கமாக உள்ள குமரி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

1995 நவம்பர் 13ல் சுப்ரீம் கோர்ட் முடிச்சை அவிழ்த்தது. 'தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்' சட்டத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. டாக்டரின் பணியும் அதுதான் என்பது மருத்துவர் தரப்பு வாதம். ஆங்கிலத்தில் 'ஆஃப்' வேறு, 'ஃபார்' வேறு என்றது கோர்ட். முன்னது எஜமானன், வேலைக்காரர் உறவு. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று இரண்டையும் எஜமானன் சொல்லலாம். பின்னது தொழில் வல்லவரிடம் பெறும் சேவை. வயிற்றுவலி என்று நோயாளி சொல்லலாம். எங்கே கத்தி வைப்பது என்று சொல்ல முடியாது. எனவே சிகிச்சை சேவையே. மாதச் சம்பளத்துக்கு ஒரு டாக்டரை முழுநேரமும் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்பவர் மட்டும் இந்தச் சட்டத்தைக் கேட்டு வர முடியாது.

'இலவசம்' என்பதற்கும் தீர்ப்பு எல்லை வகுத்தது. எல்லோருக்குமே இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்கு வெளியே. பெயர் பதியச் சில ரூபாய் வாங்குவது கணக்கில் வராது. சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம் என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே.

அடுத்த சொல் 'அலட்சியம்'. நோய் குணமாகவில்லை, நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே அது நிரூபணமாகிவிடாது. அதே துறையில் சராசரித் திறமை உள்ள டாக்டர் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்பதே அளவுகோல். கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்கவேண்டும் என்று 2005ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நஷ்டஈடு கேட்க அவ்வளவு தேவையில்லை.

2019ல் வந்த புதிய நுகர்வோர் சட்டத்தின் 'சேவை' பட்டியலிலும் மருத்துவம் இல்லை. அதைக் காட்டி விலக்குக் கோரிய மனு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2022ல் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்கவில்லை. ஆகவே 1995 விளக்கம் இன்றும் செல்லும்.

புகாருக்குக் கெடு 2 ஆண்டு. கட்டிய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்டக் கமிஷனில் புகார்க் கட்டணம் இல்லை. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது மருத்துவ ஒழுக்க விதி. வீட்டுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு ரசீதையும் பத்திரமாக வைப்பது நல்லது. வாங்கியது 'சேவை' என்பதற்கு முதல் சாட்சி அதுதான்.